கோத்தகிரியிலிருந்து தீவுக்கு, நாங்கள் இருவர் மட்டும்: அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா?

கட்டபெட்டு_தோட்டம் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். கட்டபெட்டுப் பக்கம் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. நானும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போனது என்றால் சொந்தக்காரர் கல்யாணம், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். படுகர்களின் ஹெத்தை பண்டிகை முடிந்து, உறைபனியில் இலை வரத்துக் குறைகிற பிப்ரவரியில் ஒரு வாரம் எங்களுக்கென்று ஒதுக்கலாம் என்று இருக்கிறோம். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஒரு ஊரில் தங்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை.

ஒரு டிராவல்ஸ்காரர் அந்தமான் பேக்கேஜ் ஒன்று கொடுத்திருக்கிறார். போர்ட் பிளேர், ராஸ் தீவு, நார்த் பே, பாராடாங், ஹேவ்லாக், நீல் எல்லாமே ஐந்து பகலுக்குள். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கே வண்டி ஏற வேண்டுமாம். படித்ததும் மே மாதத்து ஊட்டி நினைவுக்கு வந்தது. காலையில் தொட்டபெட்டா, பத்து மணிக்குப் பொட்டானிக்கல் கார்டன், மதியம் போட் ஹவுஸ், சாயங்காலம் குன்னூர் சிம்ஸ் பார்க் என்று வேனில் அடைத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அப்படி ஓடுவதில் எனக்கு இஷ்டமில்லை. லட்சத்தீவு, மாலத்தீவு என்றும் சொல்கிறார்கள். போய் வந்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூம்பாறை_பூண்டு | ஞாயிறு, இரவு 9.25

அண்ணா, என் ஓட்டு லட்சத்தீவுக்கு. அக்கா கேட்பது நாலு பக்கமும் கடல். ஹேவ்லாக் உள்பக்கம் போய் நின்றால் காடும் பாக்குத்தோப்பும் வயலும்தான் தெரியும், மேடு பள்ளம் கூட உண்டு. லட்சத்தீவு முழுக்கப் பவளத்தீவு, மலையே கிடையாது. 36 தீவுகள், மக்கள் வாழ்வது 10-ல், எல்லாம் சேர்த்தும் 32 சதுர கிலோமீட்டர்தான். கவரத்தியின் அகலம் இரண்டு கிலோமீட்டர் கூட வராது. எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும்.

நமக்குக் கொச்சி பக்கம் என்பதும் ஒரு வசதி. அங்கிருந்து அகத்திக்குச் சின்ன விமானம் போகிறது, கப்பலும் இருக்கிறது. அரசு நடத்துகிற சமுத்திரம் என்ற கப்பல் பயணத்தில் இரவில் கப்பலிலேயே தூங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று இறங்கிப் பார்க்கலாம். பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கிற கடல் குளம் போல அமைதியாக இருக்கும், அலைக்குப் பயப்பட வேண்டாம். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மது கிடையாது என்பதால் சத்தமும் குறைவு. மினிக்காயில் மட்டும் மஹல் பேசுவார்கள். மற்றத் தீவுகளில் மலையாளம்தான் என்பதால் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குப் பேச்சுக்குச் சிரமமே இல்லை.

ஒரே வேலை, முன்கூட்டியே நுழைவு அனுமதி வாங்க வேண்டும். அதை நான் குறையாகவே நினைக்கவில்லை. 2024 மே மாதம் ஐகோர்ட் சொல்லி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது, எத்தனை வண்டி ஏறுகிறது என்ற கணக்காவது இனித் தெரியும் என்று நாம்தானே சொன்னோம்? மலைக்கே இப்படித் தாங்கும் அளவு பார்க்க வேண்டும் என்றால், குடிநீருக்கே கடல்நீரைச் சுத்திகரிக்கிற தீவுக்கு எப்படி இருக்கும்? கவரத்தியில் 2005-ல் சென்னையிலிருந்து வந்த கடல் தொழில்நுட்ப விஞ்ஞானிகள் அந்த நிலையத்தை அமைத்த பிறகுதான் அங்கே நல்ல தண்ணீர் குழாயில் வந்தது.

குன்னூர்_மல்லிகை | ஞாயிறு, இரவு 10.50

பூம்பாறைத் தம்பி சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் லட்சத்தீவில் அனுமதியும் கப்பலும் அறையும் ஒன்றாகக் கூடி வர வேண்டும். ஒரு வாரம் மட்டுமே கையில் இருக்கிறவர்களுக்கு, அதுவும் முதல் முறை கடல் தாண்டுகிறவர்களுக்கு, நான் அந்தமானைத்தான் சொல்வேன்.

வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். வெலிங்டனிலிருந்து மாற்றலாகிச் சில வருஷம் அங்கே குடித்தனம் செய்திருக்கிறோம். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹேவ்லாக்குக்கு 2018 கடைசியில் ஸ்வராஜ் த்வீப் என்றும் நீலுக்கு ஷஹீத் த்வீப் என்றும் பெயர் மாறியது. ராஸ் தீவு இப்போது நேதாஜி பெயரில் இருக்கிறது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார். இரண்டும் தெரிந்திருந்தால் நல்லது.

அடுத்து, அங்கே நேரம் நம்ம ஊர் மாதிரி ஓடாது. தேசப்படத்தில் ஊட்டி மேல் விரலை வைத்து நேர் கிழக்கே இழுத்துக்கொண்டு போங்கள், ஏறக்குறைய ஸ்ரீ விஜயபுரத்தில் போய் நிற்கும். இரண்டு ஊரும் 11 பாகைக்குக் கொஞ்சம் வடக்கே. ஆனால் அது நமக்கு 16 பாகை கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றே. அதனால் பிப்ரவரியில் நம்ம ஊரில் ஆறரைக்கு மறைகிற சூரியன் அங்கே ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். ஆறு மணிக்கு நல்ல இருட்டு. ராதாநகர் கடற்கரையைச் சாயங்காலம் பார்க்கலாம் என்று நாலரைக்கு அறையை விட்டுக் கிளம்பினால் போய்ச் சேர்ந்ததும் திரும்ப வேண்டியதுதான். மூன்று மணிக்கே அங்கே இருங்கள். அது மேற்குப் பார்த்த கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது அதைத்தான். கரை ஓரம் வரை உயரமான மரங்கள் வந்து நிற்கும், நிழலில் உட்கார்ந்தே கடலைப் பார்க்கலாம். விடியலுக்குக் கிழக்குப் பார்த்த காலா பத்தர்.

மலைக்காரர்கள் விடியற்காலையில் எழுகிறவர்கள்தானே. அங்கேயும் ஐந்தரைக்கு எழுந்து கடலுக்குப் போங்கள், பத்து மணிக்கு மேல் நிழல், சாப்பாடு, தூக்கம், அப்புறம் சாயங்காலம் மறுபடி கடல். வெயில் 30, 31 டிகிரிதான், ஆனால் புழுக்கம் நம் உடம்புக்குப் பழக்கமில்லாதது. முதல் நாள் எதையும் திட்டமிடாமல் விடுங்கள்.

மாதம் சரியான மாதம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் டிசம்பர் வரை வடகிழக்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வானமும் கடலும் அடங்கி இருக்கும். சீசன் வேலையில் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். இங்கே கூட்டம் இல்லாத பனி மாதமே அங்கே நல்ல மாதம்.

நீலகிரி_டாக்ஸி | திங்கள், காலை 6.15

மாலத்தீவு பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை, அதற்குக் கட்டணமும் இல்லை. தனித்தீவு ரிசார்ட் என்றால் செலவு எக்கச்சக்கம். மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்தால் கட்டுப்படியாகும். ஆனால் பாஸ்போர்ட் எடுத்து, பயணம் முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பச்சைத் தேயிலை விற்கிற விலையில் முதல் பயணத்துக்கு அது வேண்டாம் அண்ணா.

பாராடாங் மட்டும் விட்டுவிடாதீர்கள். சதுப்புநிலக் காட்டுக்கு நடுவே படகில் போவதும் சுண்ணாம்புக் குகையும் அருமை. மூன்று மணிக்கு எழுவது ஒரு நாள்தானே.

குன்னூர்_மல்லிகை | திங்கள், காலை 9.05

நீலகிரி_டாக்ஸி தம்பி, குகை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழி ஜாரவாப் பழங்குடி மக்களின் காட்டுக்கு நடுவே போகிறது. காவல் வண்டியோடு வரிசையாகத்தான் விடுவார்கள், நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அத்தனை விதி இருந்தும் வண்டியில் இருக்கிற பாதிப் பேர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "தெரியுறாங்களா?" என்றுதான் வருவார்கள். அங்கே குடியிருந்தபோது சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் பாராடாங்குக்கு நாங்கள் அழைத்துப் போனதில்லை.

மந்து_எருமை | திங்கள், காலை 11.30

நான் தோடர். ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் மந்து, அதாவது எங்கள் குடியிருப்பு. இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், இங்கே ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சீசனில் எங்கள் மந்துக்குள் வண்டி வந்து நிற்கும். இறங்கியதும் கேமராவை நீட்டுவார்கள். பாட்டி வாசலில் உட்கார்ந்து பூத்துக்குளிச் சால்வைக்குப் பூ வேலை செய்துகொண்டிருப்பாள், தலை நிமிர்வதற்குள் நாலைந்து படம் எடுத்திருப்பார்கள். கோயில் பக்கம் போகாதீர்கள் என்றால், காசு வேண்டுமா என்று கேட்பார்கள். எங்களுக்குத் தமிழ் தெரியும், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியும், கலெக்டரிடம் மனுக் கொடுக்க முடியும். அந்தச் சாலையோரம் நிற்கிற ஜாரவாக் குழந்தைக்கு அது எதுவும் இல்லை.

அவர்களைப் பாதுகாக்க 1956-லேயே தனி ஒழுங்குமுறை இருக்கிறது. அவர்கள் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, 1999-ல், தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் காய்ச்சலும் இருமலும் அவர்களுக்கு அப்படி அல்ல. குகை பார்க்கிற ஆசை தப்பில்லை. ஆனால் அந்தச் சாலையில் ஒரு வண்டி கூடுகிறதா குறைகிறதா என்பது நம் கையில் இருக்கிறது.

நீலகிரி_டாக்ஸி | திங்கள், மதியம் 12.10

நான் குகையை மட்டும் நினைத்துச் சொன்னேன். நீங்கள் சொல்வது நியாயம் அண்ணா. என் வண்டியில் வருகிறவர்கள் மந்து பார்க்கணும் என்றால் இனி என்ன சொல்வது என்றும் யோசிக்கிறேன்.

மந்து_எருமை | திங்கள், மதியம் 12.40

கடைகளில் எங்கள் பெண்கள் செய்த பூ வேலை விற்கிறார்கள், 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், அதைச் செய்கிறவர்களிடமே பேசலாம்.

பந்தலூர்_லயன் | திங்கள், இரவு 7.20

எல்லோரும் கடற்கரையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தத் தீவுகள் என்றால் வேறு நினைவு.

எங்கள் தாத்தா, பாட்டி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். பாட்டியின் தங்கை குடும்பத்துக்கு வேறு ஊர் எழுதினார்கள், நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவில் ரப்பர் தோட்டம். அக்கா கொழுந்து பறிக்க நீலகிரி மலைக்கு, தங்கை பால் வெட்டக் கடலுக்கு நடுவே. பாட்டியிடம் ஒரு இன்லேண்ட் கடிதம் இருந்தது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசை போட்டு ஒட்டியது. "இங்கே குளிரே இல்லை அக்கா, கம்பளி எல்லாம் பெட்டியில் கிடக்கிறது" என்று அதில் எழுதியிருக்கும். 2004 சுனாமியில் கச்சால் மோசமாக அடிபட்டது. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

நிக்கோபார் பக்கம் சுற்றுலா போக முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதைக் கேட்கவில்லை. ஸ்ரீ விஜயபுரத்தில் கடையிலோ வண்டியிலோ தமிழ் காதில் விழும், நிறையவே விழும். யாராவது தோட்டத் தமிழ் பேசினால் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள் அண்ணா.

குன்னூர்_மல்லிகை | திங்கள், இரவு 8.00

பந்தலூர்த் தம்பி, அங்கே வெற்றிமலை முருகன் கோயிலுக்குத் தமிழர்கள் நிறைய வருவார்கள். எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறது. பாட்டியின் தங்கை பெயரும் ஊரும் தனிச் செய்தியில் அனுப்புங்கள், விசாரித்துப் பார்க்கிறேன். இங்கே பொதுவில் போட வேண்டாம்.

ஆழ்கடல்_லவ்டேல் | செவ்வாய், காலை 7.45

லவ்டேல்காரன், கிழக்குக் கடற்கரையில் ஸ்கூபா (காற்று உருளை கட்டிக்கொண்டு கடலில் மூழ்குவது) கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தமான் என்றதும் பேக்கேஜில் ஸ்கூபா கட்டாயம் இருக்கும். மலைக்காரர்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயத்தை எந்த டிராவல்ஸும் சொல்ல மாட்டார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அழுத்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாக மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் உள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டு வலி, மரத்துப் போதல், தலைசுற்றல், மோசமானால் பக்கவாதம் வரை போகும். அதனால்தான் டைவ் செய்த பின் விமானம் ஏறத் தடை. ஒரே ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் என் மாணவர்களுக்கு 24 என்றே சொல்கிறேன்.

நம் விஷயம் இங்கேதான் வருகிறது. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போல இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133, குன்னூர் 1,850. அதாவது வீட்டுக்குப் போவதே நமக்கு விமானம் ஏறுவது மாதிரிதான். அந்தமானில் இருந்து எப்படியும் காத்திருந்துதான் பறப்பீர்கள் என்பதால் அங்கே ஆபத்துக் குறைவு. ஆனால் புதுச்சேரியிலோ கோவளத்திலோ பிற்பகலில் டைவ் செய்துவிட்டு, விமானம் ஏறவில்லையே என்று இரவு பஸ் பிடித்து விடியற்காலை ஊட்டியில் இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், ஒரு நாள் கீழே தங்கி வாருங்கள்.

இன்னொன்று. பிப்ரவரியில் நம் ஊரில் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு. சளியோடு மூழ்கினால் காது அடைத்துக்கொள்ளும், செவிப்பறை கிழியக்கூடும். மேட்டுப்பாளையம் இறங்கும்போது அடைக்கிற காது எச்சில் விழுங்கினால் சரியாகும், தண்ணீருக்குள் சில மீட்டரிலேயே அதைவிட அதிக அழுத்தம் வந்துவிடும். பிரஷர், ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளரோடு மூழ்கலாம் என்பது உண்மைதான், ஆனால் பயம் இருந்தால் கட்டாயம் இல்லை. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலேயே மிதந்தாலும் மீன்கள் கண்ணுக்கு எட்டும்.

கட்டபெட்டு_தோட்டம் | செவ்வாய், இரவு 9.10

இவர் கணக்கிலிருந்து நான் எழுதுகிறேன், மனைவி. எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டினார். அக்கறையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி.

எனக்கு ஸ்கூபா வேண்டாம். இவருக்கு ஆசை இருந்தால் போகட்டும், நான் கரையில் இருப்பேன். காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்து, அடுப்பு பற்ற வைக்காமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். தோட்டம், கொழுந்து விலை, கூலி, உரம் பற்றி அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்தால் வேறு என்ன பேசுவார் என்று தெரிந்துகொள்ளவும் ஆசை.

மல்லிகை அக்காவிடம் இரண்டு கேள்வி. தண்ணீர் குளிருமா? இங்கே பனிக்காலத்தில் வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துப் போகிறது. கடலில் இறங்க என்ன உடுத்துவது? நீச்சல் உடை எல்லாம் எனக்குச் சரி வராது.

குன்னூர்_மல்லிகை | செவ்வாய், இரவு 9.55

தங்கச்சி, நீ எழுதியதும் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தண்ணீர் குளிராது. பிப்ரவரியில் 27, 28 டிகிரி இருக்கும். காலை ஆறு மணிக்கு இறங்கினாலும் வெதுவெதுப்புதான். அந்தச் சூட்டைக் காலில் முதல் முறை உணரும்போது உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சேலையோடு மட்டும் இறங்காதே. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், சின்ன அலைக்கும் தள்ளாடுவாய். லெகின்ஸும் முழங்கால் வரை வரும் சட்டையும் போதும். துப்பட்டா வேண்டாம். கனத்த காட்டன் எடுத்தால் நனைந்து இழுக்கும், மெல்லிய பாலியெஸ்டர் சீக்கிரம் காய்ந்துவிடும். தீவில் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் குளிக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரப்பர் செருப்பு ஒன்று, பின்பக்கம் வார் வைத்தது, கண்டிப்பாக எடுத்துக்கொள். பாறையும் உடைந்த பவளமும் காலைக் கிழிக்கும். மணலில் கண்ணுக்குத் தெரியாத ஈ கடிக்கும், கால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்.

நீ கேட்கிற மாதிரி என்றால் நீல்தான் உனக்கு, அதாவது ஷஹீத் த்வீப். ஹேவ்லாக்கைவிடச் சின்னது, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். பரத்பூர் கரையில் ஆழம் குறைவு, அங்கே இறங்கு. சாயங்காலத்துக்கு லக்ஷ்மண்பூர். அலை வற்றும் நேரம் கேட்டுப் போனால் இயற்கையாக வளைந்த பாறையும் குட்டைகளில் தங்கிய மீன்களும் பார்க்கலாம். ஹேவ்லாக்கில் ஒரு இரவோ இரண்டோ, மீதி நீல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூம்பாறை_பூண்டு | செவ்வாய், இரவு 10.20

அக்கா இப்படிச் சொன்ன பிறகு நான் லட்சத்தீவுக்கு வாதாடவில்லை. நீல் தீவு சரியான இடம். லட்சத்தீவை அடுத்த பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அனுமதி வேலைக்கு நான் உதவி செய்கிறேன்.

கட்டபெட்டு_தோட்டம் | வியாழன், இரவு 8.30

டிராவல்ஸ்காரரிடம் பேசிவிட்டேன். பாராடாங்கையும் நார்த் பேயையும் எடுக்கச் சொன்னேன். "எல்லாரும் போகிற இடம் சார்" என்றார், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். செல்லுலார் சிறை மட்டும் பார்க்கிறோம். கட்டி முடிக்கும்போது 7 சிறகுகள் இருந்தன, இப்போது 3 தான் மிச்சம் என்று பையன் சொன்னான், அதைப் பார்க்காமல் வரக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறான். மற்றபடி ஹேவ்லாக், நீல், அவ்வளவுதான். கோயம்புத்தூர், சென்னை வழியாக விமானம். நான் ஒரே ஒரு முறை மூழ்கிப் பார்க்கிறேன், அதையும் ஹேவ்லாக்கில் முதல் நாளே முடித்துவிடுகிறேன்.

பையனுக்குக் கொஞ்சம் சங்கு, பவளம் எடுத்து வரலாமா? ஃபெர்ரி டிக்கெட் அங்கே போய் எடுத்தால் போதுமா?

குன்னூர்_மல்லிகை | வியாழன், இரவு 9.15

கரையில் கிடப்பதில் எதையும் எடுக்காதீர்கள் தம்பி, செத்த பவளமும் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பு உண்டு, விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். 2010-ல் கடல் சூடாகி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்துப் போயின, அது தேறி வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பையனுக்குச் சங்கு வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

ஃபெர்ரியை அங்கே போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். முதலில் ஃபெர்ரி, அப்புறம்தான் அறை. தனியார் படகு ஹேவ்லாக்குக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம், அரசுக் கப்பல் இன்னும் கொஞ்சம் கூட, ஆனால் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம், கட்டணமும் குறைவு. ஆதாரில் உள்ளபடியே பெயர் கொடுங்கள், அசல் அட்டை கையில் இருக்கட்டும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் விமானத்துக்கு முந்தின இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குங்கள். ரொக்கமும் கொஞ்சம் கையில் வேண்டும், நீலில் ஏடிஎம்மை நம்ப முடியாது.

பந்தலூர்த் தம்பிக்கு: உங்கள் செய்தி கிடைத்தது, அங்கே எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் தெரியப்படுத்துகிறேன்.